பெருமாள்மலைக்கு எந்த ஜெட்?

மஸ்கட்
4.6.2002

அன்பு மனைவி சத்தியபிரியாவுக்கு,

தனசேகர் எழுதுவது. இங்கே நான் சுகம், வெயில்தான் சுகமில்லை. நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? ரொட்டி அடுப்பின் விரிசலைப் பூசியாயிற்றா? சாரல் ஆரம்பித்துவிட்டதா?

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன டப்பாவும் வரும். லீவில் ஊருக்கு வரும் நண்பர் கையில் கொடுத்திருக்கிறேன். மிட்டாய் என்று நினைத்துத் திறந்து ஏமாறாதே. அதன் பெயர் ஜெட் கிட். நான் விட்டு வந்த மோட்டார் சைக்கிளின் கார்ப்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற வழியில் ஒரு குட்டிப் பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதுதான் ஜெட். கம்பெனி போட்டது நூறாம் நம்பர். டப்பாவில் இருப்பவை நூற்றைந்து, நூற்றுப்பத்து, நூற்றுப்பதினைந்து. நம்பர் ஏற ஏற ஓட்டை பெரிதாகும், பெட்ரோலும் கூடப் போகும். காற்று நன்றாக உள்ளே போக வலை பில்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

ரொட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சில்வர் கேஸ்கேட் வளைவில் ஏறும்போது வண்டி இருமுகிறது, இறங்கித் தள்ளுகிறேன் என்று ஃபோனில் சொன்னாயே. இழுவை இல்லை என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இங்கே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ வண்டிகளுக்கு நான் இதை மாட்டியிருக்கிறேன், கடற்கரை ரோட்டில் பறக்கின்றன. இருளப்பன் மெக்கானிக் கடையில் கொடுத்து நூற்றுப்பத்தைப் போடச் சொல்.

ஃபோனில் பேசியதை எழுத்திலும் வைத்துவிடுகிறேன், பிறகு நீ மழுப்பக் கூடாது. தைப்பொங்கலுக்குள் வண்டி முழுச் சுமையோடு பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் ஏறி, பூம்பாறை வரை இறங்கித் தள்ளாமல் போய்ச் சேர்ந்தால், நீ அங்கேயே இருந்து கடை கடையாக ரொட்டி போடும் லைனை நடத்து. நான் வாயைத் திறக்க மாட்டேன். போகாவிட்டால் லைனை நல்லுசாமியின் ஜீப்புக்கு விட்டுவிட்டு ஆயக்குடிக்கு இறங்கி என் அம்மாவோடு இரு. கொய்யாத் தோப்பைப் பார்க்க அங்கேயும் ஆள் வேண்டும். மருமகள் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கிறாளாமே என்று சந்தையில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அம்மா ஓய்ந்துவிட்டாள்.

உன்
தனசேகர்

ஜெட்டைப் பல்லால் கடித்துப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும்.


பெருமாள்மலை
30.6.2002

அன்பு மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. நாங்கள் நலம். அடுப்பைப் பூசியாயிற்று. சாரல் விடாமல் அடிக்கிறது, துவைத்த துணி மூன்று நாளாக அடுப்பு மேல்தான் காய்கிறது.

டப்பா வந்தது. கடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன், காசு வாசம் அடித்தது. ஜெட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணருகில் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒரே ஓட்டையாகத்தான் தெரிகிறது. நூற்றைந்துக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவே ஒரு தலைமுடிகூட நுழையாது போலிருக்கிறது. இந்த இத்துனூண்டு வித்தியாசமா என் பெட்டியை மலை ஏற்றப்போகிறது? இந்த நம்பரை யார் எப்படி அளந்து போடுகிறார்கள்?

இருளப்பன் தம்பி வழக்கம்போல அலுத்துக்கொண்டான். "இதுக்கு எதுக்குக்கா வெளிநாட்டுச் சாமான்? இங்கன எம்புட்டுச் சோலி கெடக்கு, இப்பத்தான் இதக் கொண்டாந்து நிக்கிறீங்க" என்றான். நான் நகரவில்லை. கார்ப்புரேட்டரை அவன் கழற்றி வலை பில்டரையும் மாட்ட, நூற்றுப்பத்தை நானே போட்டேன். சின்ன ஸ்குரூ டிரைவரால் கால் கால் சுற்றாகத் திருகியது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாள் நான் ஏறி உட்கார்ந்து ஓட்டிய சாமானின் வயிற்றுக்குள் இப்போதுதான் எட்டிப் பார்த்தேன்.

சரி, கேட்க நினைத்ததற்கு வருகிறேன். வண்டி முன்பைவிட மோசம். முதல் வளைவிலேயே இருமல், சில்வர் கேஸ்கேட்டில் படுத்துக்கொண்டது. மூடுபனியில் நான் தள்ளுவதை டூரிஸ்ட் வேனிலிருந்து ஃபோட்டோ எடுத்தார்கள். பூம்பாறைக்குப் போனால் கடைக்கார அப்துல் சலாம் பாய் முகம் கோணுகிறது. "வெள்ளனே வந்தாத்தாம்மா டீயோட விக்கும். பத்து மணிக்குக் கொண்டாந்தா ஒன் ரொட்டிய நாந்தான் திங்கணும்" என்கிறார். நல்லுசாமி அண்ணன் ஜீப்பை நிறுத்தி, "என்ன தாயி, லைன எப்பக் குடுக்கப் போற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிறார்.

பந்தயத்தை எழுத்தில் வைத்தது நல்லது. நானும் ஒன்றை எழுத்தில் வைக்கிறேன். ஆயக்குடி எனக்கு ஆகாத ஊர் இல்லை, அத்தையும் ஆகாதவர் இல்லை. ஆனால் அங்கே நான் வீட்டு மருமகள், இங்கே ரொட்டிக்காரி. காலையில் என் வண்டிச் சத்தத்துக்காகக் கடைகள் காத்திருக்கின்றன. சிலோன் தோட்டத்தில் எங்கப்பா செய்த தொழில், இங்கே வந்து நானாகப் பிடித்த லைன். இதை விட எனக்கு மனம் வரவில்லை மாமா. அதனால் யோசித்துப் பதில் எழுதுங்கள்.

பிரியமுடன்
பிரியா


மஸ்கட்
24.7.2002

அன்பு பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நம்பரை யார் அளக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கிறாய், ஜெட் ஃபேக்டரிக்கே போய்க் கேட்பாய் போலிருக்கிறது. அங்கே இதற்கென்றே மெஷின் இருக்கும்.

நூற்றுப்பத்து போட்டும் இழுக்கவில்லை என்றால் அதுவும் போதவில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பெரிதைப் போட வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. கறுப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். செங்கல் நிறத்தில் இருந்தால் கச்சிதம். நீ ரொட்டியின் மேல்தோலைப் பார்த்து வேக்காடு சொல்வாயே, அப்படித்தான். வெள்ளையாகத்தான் இருக்கும், நான் இங்கிருந்தே சொல்கிறேன்.

நல்லுசாமியிடம் வாய் கொடுக்காதே. அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருக்கிறாள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா.

உன்
தனசேகர்


பெருமாள்மலை
18.8.2002

அன்பு மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படித்துவிடாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். உங்கள் தொழிலிலேயே ஒரு விடுகதை கிடைத்திருக்கிறது.

மைதா வாங்க வத்தலக்குண்டு போயிருந்தேன். அதே வண்டி, அதே நூற்றுப்பத்து. கீழே இறங்கியதும் என்னமாய்ப் போகிறது தெரியுமா? காமக்காபட்டி தாண்டிய நேர் ரோட்டில் பஸ்ஸையே முந்தினேன். (அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.) மண்டி வாசலில் நிறுத்தி, நீங்கள் சொன்னபடி பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். "இந்தப் புள்ள என்னத்தப்பா தேடுது?" என்று ஒருவர் கேட்க, "பல்லு புடுங்குது" என்றார் இன்னொருவர். பிளக் அச்சாகச் செங்கல் நிறம்! எனக்கு ஒரே சந்தோஷம்.

மேலே வந்து இரண்டு நாள் லைன் ஓட்டிவிட்டு மறுபடி கழற்றினேன். கறுப்பு. விரலில் ஒட்டிய கரி சோப்புப் போட்டும் போகவில்லை. இருளப்பன் தம்பியும் பார்த்தான். ஒரே ஜெட், ஒரே பிளக், மலைக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். எப்படி மாமா?

அதோடு இன்னொன்று. அன்றைக்கு வத்தலக்குண்டிலிருந்து திரும்பும்போது பெட்ரோல் குறைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஊத்து என்கிற ஊரைத் தாண்டி ஏற ஏற வண்டி வழக்கம்போலச் சோர்ந்துகொண்டே வந்தது. திடீரென்று ஒரு வளைவில் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல விருட்டென்று இழுத்தது. ஆகா என்று நினைப்பதற்குள் அணைந்துவிட்டது. பெட்ரோல் தீர்ந்திருந்தது. டேப்பை ரிசர்வுக்குத் திருப்பியதும் மறுபடி பழைய சோர்வு. பெட்ரோல் போதாத வண்டி பெட்ரோல் தீரும்போது ஏன் இழுக்கிறது? இதை நினைத்துக்கொண்டே மாவு பிசைந்ததில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். எங்கம்மா திட்டிய திட்டு உங்களுக்கே கேட்டிருக்கும்.

மேலே சின்னப் பெட்டியாகக் கட்டி இரண்டு நடை அடிக்கிறேன். பெட்ரோலும் இரண்டு மடங்கு, அலைச்சலும் இரண்டு மடங்கு. வெரசாகப் பதில் எழுதுங்கள்.

பிரியா

ஆயக்குடிக்குப் போய் வந்தேன். தைலம் தேய்த்துவிட்டேன், அத்தைக்குப் பரவாயில்லை. பஸ்ஸில்தான் போனேன்.


மஸ்கட்
10.9.2002

அன்பு பிரியாவுக்கு,

ஒரே ஜெட்டுக்குப் பிளக் இரண்டு நிறம் காட்டாது. அப்படிக் காட்டினால் பெட்ரோலில்தான் கோளாறு. மேலே நீ வாங்குவதில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும், அதுதான் கரி பிடிக்கிறது, இழுக்கவும் மாட்டேன் என்கிறது. இனிமேல் வத்தலக்குண்டிலேயே கேனில் வாங்கி வந்து ஊற்று. நல்ல பெட்ரோலோடு நூற்றுப்பதினைந்தையும் போட்டுப் பார்.

தீரும்போது இழுத்தது உன் பிரமை. பயத்தில் முறுக்கியிருப்பாய்.

நாலு மாதம்தான் இருக்கிறது பொங்கலுக்கு. நினைவில் வை. இங்கே ரூமில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், ஏசி மட்டும் சத்தம் போடுகிறது. உன் கடிதத்தில் இருந்த மண்டிக்காரர்கள் கதையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

உன்
தனசேகர்


பெருமாள்மலை
6.10.2002

அன்பு மாமாவுக்கு,

வத்தலக்குண்டுப் பெட்ரோலை ஊற்றினேன். நூற்றுப்பதினைந்தையும் போட்டேன். சில்வர் கேஸ்கேட்கூடப் போய்ச் சேரவில்லை. இரண்டு முறுக்கு முறுக்கினால் பின்னால் கறுப்புப் புகை, பனியிலும் தெரிகிறது. ஆகவே பெட்ரோலில் குற்றமில்லை. என்னுடைய பிரமையும் இல்லை.

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டது. கார்ப்புரேட்டரில் கிடைக்கவில்லை, மாவுத் தொட்டியில் கிடைத்தது.

வத்தலக்குண்டு பேக்கரியில் வேலை செய்யும் சுதாராணியிடம் போன தடவை பால் பன்னுக்குக் கணக்கு வாங்கி வந்திருந்தேன். மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, ஈஸ்ட் இவ்வளவு என்று அவள் சொன்னதை அப்படியே போட்டுப் பிசைந்து மூடி வைத்தேன். வந்து பார்த்தால் மாவு தொட்டியை விட்டு வழிந்து தரையில் கிடக்கிறது. சுட்ட பன்னும் நடுவில் குழிந்துபோனது. எங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கீழ ஊரு கணக்கு மேல ஊருக்கு ஒத்து வருமாடி? மேல காத்து லேசு, மாவ அமுக்குறதுக்கு ஆளில்ல, அது பாட்டுக்கு எகிறும். ஒங்கப்பா தோட்டத்துல பாண் ரொட்டி போடயில கண்டிக்கு ஒரு கணக்கு, மேல தோட்டத்துக்கு ஒரு கணக்குன்னுதான் ஈஸ்ட் போடுவாரு. மேல வந்தாக் கொறைக்கணும்."

காற்று லேசு. மாமா, நான் கையில் மாவோடு அப்படியே நின்றுவிட்டேன். நம் வண்டியும் காற்றைத்தானே உறிஞ்சுகிறது? மேலே வந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் அதற்குக் கிடைப்பது லேசான காற்று. பெட்ரோல் மட்டும் கீழே வந்த அளவே வருகிறது. கூட இருக்கிற பெட்ரோல் எரியாமல் கரியாகிப் பிளக்கில் ஒட்டுகிறது. அதனால்தான் கீழே செங்கல், மேலே கறுப்பு. பெட்ரோல் தீரும் நேரத்தில் வரத்துக் குறைந்தது, கொஞ்ச நேரம் கணக்குச் சரியாக இருந்தது, அதனால்தான் இழுத்தது! எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. எனக்கு வேண்டியது பெரிய ஜெட் இல்லை. நூறைவிடச் சின்னது.

இருளப்பன் கடைக்கு ஓடினேன். அவன் கேட்டுவிட்டு, "இருக்கும்க்கா. கீழருந்து வார வண்டி இங்க வந்து பொகஞ்சா நாங்க காத்து கூடப் போற மாதிரி ஏர் ஸ்குரூவக் கொஞ்சம் திருப்பி விடுவோம். ஏன் எதுக்குன்னு கேட்டதில்ல" என்றான். பழைய சாமான் தகர டப்பாவைக் கவிழ்த்து இரண்டு பேரும் தேடினோம். உடைத்துப்போட்ட நூறு சிசி வண்டியின் தொண்ணூறாம் நம்பர் ஜெட் ஒன்று கிடைத்தது. மரை அச்சாகப் பொருந்துகிறது. அதைத் துடைத்துக் கொடுக்கும்போது அவன் ஒன்று சொன்னான். "தனசேகர் அண்ணன் எம்புட்டுப் பெரிய மெக்கானிக்கு. அவருக்கு இது தெரியாமலாக்கா இருக்கும்?"

பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே காதில் நின்றது. நீங்கள் பெருமாள்மலைக்கு மாப்பிள்ளையாக வந்து மூன்று வருஷம் இந்த ரோட்டில் வண்டி ஓட்டியவர். பெரிய ஜெட்டாகவே அனுப்புகிறீர்கள். சரிவரவில்லை என்றால் இன்னும் பெரியதைப் போடு என்கிறீர்கள். வண்டி ஏறாவிட்டால் நான் ஆயக்குடிக்கு இறங்க வேண்டும்.

மனதில் வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டுவிடுகிறேன். தெரிந்தேதான் அனுப்பினீர்களா?

தொண்ணூறாம் நம்பர் என் குங்குமச் சிமிழில் இருக்கிறது. உங்கள் பதில் வரும்வரை அதைப் போட மாட்டேன். போட்டு, வண்டி ஏறி, பந்தயத்தில் ஜெயித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? நான் யாரோடு பந்தயம் கட்டினேன் என்று முதலில் தெரிய வேண்டும்.

சத்தியபிரியா


பெருமாள்மலை
17.11.2002

மாமாவுக்கு,

தீபாவளிக்காவது கடிதம் வரும் என்று பார்த்தேன். தபால்காரர் ரொட்டி வாங்கத்தான் வந்தார். ஃபோன் வரும் என்று, ஃபோன் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரர் வீட்டு வாசலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்றேன்.

கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கேட்டதிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாவது ஒரு வரி போடுங்கள்.

பழைய பில்டரையும் நூறாம் நம்பரையுமே திரும்பப் போட்டு, அரைப் பெட்டி கட்டி ஓட்டுகிறேன். அப்துல் சலாம் பாய் தை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஜீப்தான்.

பிரியா


மஸ்கட்
8.12.2002

பிரியாவுக்கு,

உன் அக்டோபர்க் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அதே கோபத்தோடு ஒரு பதில் எழுதினேன், கிழித்தேன். இரண்டாவதையும் கிழித்தேன். கட்டின பெண்டாட்டியே என்னை இப்படி நினைக்கிறாளே என்று இரண்டு வாரம் ரூமில் யாரோடும் பேசவில்லை. கோபம் ஆறியபோது உன் கேள்விதான் மிச்சம் இருந்தது. எனக்குத் தெரியுமா, தெரியாதா?

எனக்குத் தெரியாது என்பதுதான் பதில். ஆனால் அதை நான் வெறுமனே எழுதினால் நீ நம்ப வேண்டிய அவசியமில்லை. அதனால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

இங்கே மூன்று மணி நேரத் தொலைவில் நம் கொடைக்கானல் உயரத்துக்கு ஒரு மலை இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் போனதே இல்லை. ஒர்க்‌ஷாப், ரூம், கடற்கரை, அவ்வளவுதான் என் மஸ்கட். எங்கள் வாடிக்கைக்காரர் ஒரு வெள்ளைக்காரத் துரையின் வண்டிக்கு நான்தான் இதே கிட்டை மாட்டினேன். மலைக்குப் போனால் வண்டி சரியில்லை என்று அவர் இரண்டு முறை வந்து சொன்னார். உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை அவரிடம் கேட்டு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடிவாரத்தில் பிளக்கைப் பார்த்தேன், செங்கல். ஏற ஏற வண்டி உன் வண்டி மாதிரியே இரும ஆரம்பித்தது. உச்சியில் கழற்றினேன், நம் ரொட்டி அடுப்புக் கரி. மரம் மட்டை இல்லாத மொட்டை மலை, ஆனால் குளிர்ந்த காற்று. மூச்சு எனக்கும் வாங்கியது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அங்கேயே சின்ன ஜெட்டை மாட்டினேன். அப்புறம் அந்த வண்டி போன போக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ஆடு மேய்த்தவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். பிரியா, நீ சொன்னது அத்தனையும் சரி.

பெருமாள்மலையில் மூன்று வருஷம் ஓட்டினேனே, அப்போது தெரியவில்லையா என்று கேட்பாய். ஓட்டினேன், சோர்ந்தது, மலை என்றால் சோரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். நீ கேட்ட மாதிரி நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெட்டைத் தெரிந்து அனுப்பவில்லை. ஆனால் வண்டி ஏறவில்லை என்று நீ எழுதும்போதெல்லாம் ஒரு மனதுக்கு நிம்மதியாக இருந்தது. ஆயக்குடியில் நீ இருந்தால் ஊர் வாய் மூடும், அம்மா புலம்பல் நிற்கும், நான் இங்கே நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். உன் காரியத்தை நினைக்கவே இல்லை.

சிமிழில் இருப்பதை எடுத்துப் போடு. தொண்ணூறுதான் சரி. கார்ப்புரேட்டர் ஊசியின் தலையில் ஒரு கிளிப் இருக்கும், அதையும் ஒரு வெட்டு மேலே ஏற்று, ஊசி இறங்கிப் பெட்ரோல் இன்னும் கொஞ்சம் குறையும்.

சித்திரையோடு எனக்கு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கிறாயா என்று கேட்கிறார்கள். வந்தால் ஆயக்குடிக்குத்தான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். பெருமாள்மலைக்கு வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? எழுது.

தனசேகர்


பெருமாள்மலை
19.1.2003

அன்பு மாமாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே ஜெட்டைப் போட்டேன். நீங்கள் தெரிந்து அனுப்பவில்லை என்பதை நம்புகிறேன். ஏறாவிட்டால் நல்லது என்று நினைத்ததையும் நம்புகிறேன். இரண்டாவது வலிக்கிறது. ஆனால் நீங்களாகச் சொன்னதால் தாங்கிக்கொள்கிறேன்.

மார்கழிக் குளிரில், முழுப் பெட்டி கட்டி, மேலே ரஸ்க் பாக்கெட் மாலை மாதிரி தொங்க, கிளம்பினேன். முதல் வளைவு தாண்டியது. சில்வர் கேஸ்கேட் வந்தது. வழக்கமாக இறங்கும் இடத்தில் என் கால் தானாகவே தரைக்குப் போனது, வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது! ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். கொடைக்கானலில் ரொட்டி போட்டுவிட்டு, அப்சர்வேட்டரி மேடு ஏறி, பூம்பாறை போனபோது அப்துல் சலாம் பாய் அப்போதுதான் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். "என்னம்மா, ராத்திரியே கெளம்பிட்டியா?" என்றார். நல்லுசாமி அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு இருளப்பன் கடையில் போய், ஜீப்புக்கும் அந்த மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டாராம்.

பொங்கலுக்கு ஆயக்குடி போனேன். இந்தத் தடவை பஸ்ஸில் இல்லை. பழனி ரோட்டில் இறங்கி அடிவாரம் போனதும் வண்டிக்குப் பசி எடுத்துவிட்டது, விட்டு விட்டு இழுத்தது. பிளக் வெள்ளை. எனக்குக் குஷி, அதுவும் கணக்குப்படிதானே! நூறாம் நம்பரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அத்தை வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் கார்ப்புரேட்டரைக் கழற்றினேன். தெருவே கூடிவிட்டது. அத்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு மெதுவாகக் கிட்டே வந்து ஜெட்டை வாங்கிப் பார்த்தார்கள். "இம்புட்டுக்கூண்டு சாமானா? மூக்குத்தித் திருகாணி மாதிரில்ல இருக்கு. இதுவா ஒன்னய மலை ஏத்துது?" என்றார்கள். கிளம்பும்போது கொய்யாப்பழக் கூடையை அவர்களே வண்டியில் வைத்துக் கட்டினார்கள். ஆனால், "ஓட்டுறத ஓட்டு, சந்தை வழியாப் போவாத" என்றும் சொன்னார்கள். நான் சந்தை வழியாகத்தான் வந்தேன், வேறு வழியில்லை, மற்ற ரோட்டில் கரும்பு லாரி நின்றது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. டூரிஸ்ட் சீசனில் கீழேயிருந்து வரும் வண்டியெல்லாம் நம் முக்கில்தான் நின்று இருமுகின்றன. இருளப்பன் தம்பி பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுக்கலாம் என்கிறான், உங்களிடம் கேட்கச் சொன்னான். என் ரொட்டி லைனைப் பங்கு கேட்காமல் வருவதாக இருந்தால் வாருங்கள். வந்தால் எனக்குச் சந்தோஷம். எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் எங்கம்மா படித்துவிடுவாள்.

ஆனால் ஒன்று. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நான் வண்டியோடு வருவேன். அங்கிருந்து மேலே வரை நான்தான் ஓட்டுவேன். நீங்கள் பின்னால் உட்கார வேண்டும். உங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அந்த பஜாரில்தான் இருக்கிறார்கள், பார்ப்பார்கள், சிரிப்பார்கள், அன்று மாலைக்குள் ஆயக்குடிக்குச் செய்தி போய்விடும். அது முடியாது என்றால் சண்டையில்லை, நேராக ஆயக்குடிக்குப் பஸ் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் வெளிப்படையாக எழுதுங்கள்.

பிரியமுடன்
பிரியா


மஸ்கட்
14.2.2003

அன்பு பிரியாவுக்கு,

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் வருகிறேன். வத்தலக்குண்டில் யார் வண்டியை ஓட்டப்போகிறார்கள், யார் பின்னால் உட்காரப் போகிறார்கள் என்று அம்மாவுக்கு நானே எழுதிவிட்டேன், வேறு யாரும் போய்ச் சொல்வதற்கு முன்னால்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், சிரிக்காமல் பதில் எழுது. வளைவுகளில் பின்னால் உட்கார்ந்திருப்பவன் உன்னோடு சாய வேண்டுமா, நிமிர்ந்தே இருக்க வேண்டுமா? நான் இதுவரை யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை.

உன்
தனசேகர்